விசாலாட்சியின் ரேகை

எங்கள் பட்டறைத் தெருவில் விசாலாட்சியக்காவின் கைரேகை நகைகளில் எழும்பத் தொடங்கிய வருஷம் மாசியிலேயே வெயில் மண்டையைப் பிளந்தது, அதனால் முதலில் பார்த்தவர்கள் எல்லாரும் அதை வியர்வைக் கறை என்றுதான் நினைத்தார்கள். மளிகைக்கடை சுலோச்சனா தன் பட்டை வளையலில் கட்டைவிரல் அகலத்துக்கு வளைவு வளைவாக ஏதோ படிந்திருப்பதைக் கண்டு முந்தானையால் துடைத்துப் பார்த்தாள், சோப்பு நுரையில் ஊறப்போட்டுப் பார்த்தாள், பூந்திக்கொட்டைத் தண்ணீரில் முக்கிப் பல் விளக்கும் பிரஷ்ஷால் தேய்த்துப் பார்த்தாள், ஒன்றுக்கும் மசியாமல் போகவே பட்டறைக்கு எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். அங்கே பாலீஷ் போடுகிறவள் நான், மயிலாத்தாள் என்று பெயர், இருபத்தாறு வருஷமாக ஊரார் நகையை மினுக்கிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போகிறவள். மிஷினில் கொடுத்து இரண்டு சுற்றுத் தேய்த்தேன். தங்கம் தேய்ந்தது, ரேகை தேயவில்லை.

அது யாருடைய ரேகை என்று அடுத்த வாரம் ரேஷன் கடையில் தெரிந்தது. சுலோச்சனா மிஷினில் விரல் வைக்கக் கையை நீட்டினாள், விரலுக்கு முன்னால் வளையல் போய்க் கண்ணாடியில் பட்டது, உடனே பச்சை விளக்கு எரிந்து, குடும்பத் தலைவி விசாலாட்சி, கணவர் பெயர் சென்னியப்பன் என்று திரையில் வந்துவிட்டது. கடைக்காரர் அப்படியே எழுந்து நின்றார்.

"அந்தம்மா வெரலுக்கு மூணு வருசமா செவப்பேதானுங்க எரியுது. இன்னைக்கு உங்க வளையலுக்குப் பச்ச எரியுது. எடுத்துட்டுப் போயி அவியகிட்டயே குடுத்துருங்க," என்று விசாலாட்சியக்காவின் அரிசியை அளந்து சுலோச்சனாவிடம் கொடுத்தார், அவளும் அதைத் தூக்கிக்கொண்டு போய் அக்கா வீட்டில் இறக்கிவைத்தாள். அவ்வளவுதான், அதற்கு மேல் யாரும் ஆச்சரியப்படவில்லை.

ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? எங்கள் தெருவில் நெருப்புக்கும் அரத்துக்கும் திராவகத்துக்கும் விரல் நுனியைக் கொடுத்துக் கொடுத்து, நாற்பது வயசுக்குள் எல்லாருக்கும் அது வழவழவென்று ஆகிவிடும், வங்கியிலும் ரேஷனிலும் எங்களைக் கண்டாலே மிஷினைத் தூக்கி உள்ளே வைத்துவிடுவார்கள். போன ரேகை எங்கே போகிறது என்று யாரும் கேட்டதில்லை. விசாலாட்சியக்காவுக்கு மட்டும் அது போன இடம் தெரிந்தது, மற்றவர்களைவிட அவள் கெட்டியாக அழுத்திப் பிடித்து வேலை செய்திருப்பாள் என்று பேசிக்கொண்டோம்.

அக்கா வேலைக்கு உட்கார்ந்தது பதினெட்டு வயசில், தகப்பனாரின் பட்டறையில். அந்த ஆவணியில் முகூர்த்தம் மேல் முகூர்த்தம், பக்கத்துப் பட்டறைகளில் தாங்காத வேலையெல்லாம் துணியில் முடிந்து இவர்கள் பட்டறைக்கு வந்து குவிந்தது, தகப்பனாருக்கோ கண்வலி, அதனால் அவர் ஊதிப் பற்றவைத்துக் கொடுக்கக் கொடுக்க, பன்னிரண்டு தாலியை அரம் போட்டு ராவி முடித்துக் கொடுத்தது அக்காதான். யார் வீட்டுத் தாலி என்று கேட்டுச் செய்கிற வழக்கம் இல்லை. அது முடிந்த மாசமே அவளுக்குக் கல்யாணம் ஆகி, சென்னியப்பண்ணனோடு எங்கள் தெருவுக்கு வந்தாள், அவர் கம்பி இழுக்கிறவர், இவள் நகாசு வேலைக்காரி, இரண்டு பேரும் ஒரே பட்டறையில் நாற்பத்தொன்பது வருஷம் உட்கார்ந்தார்கள். பிள்ளை இல்லை. அவள் கையால் வெளியே போன வளையலும் ஆரமும் ஒட்டியாணமும் இந்த ஜில்லாவில் எத்தனை கழுத்தில் எத்தனை இடுப்பில் கிடக்கிறது என்று அவளுக்கே தெரியாது.

ஆனால் அவள் உடம்பில் ஒரு பொட்டுத் தங்கம் அவள் செய்தது கிடையாது. பட்டறைக்குள் யாரும் நகை போட்டு வரக்கூடாது, போகும்போது தொட்டியில் கை கால் கழுவிவிட்டுத்தான் போகவேண்டும், அந்தத் தண்ணீரும் முதலாளிக்குத்தான் சொந்தம், எங்கள் தலைமுடியில் ஒட்டிய தூசியைக்கூடக் காகிதத்தில் சீவிக் கொட்டிவிட்டுத்தான் படி இறங்குவோம். தாலிக்கு மட்டும் விலக்கு. அதைக் கழற்றச் சொன்னால் பெண்கள் விளக்குமாற்றைத் தூக்கிவிடுவார்கள் என்று முதலாளிகளுக்குத் தெரியும். நகைத் தொழில் வீட்டுப் பெண்களுக்குத் தாலி விஷயத்தில் இன்னும் ஒரு கட்டுப்பாடு உண்டு, ஊரார் நகைக்கெல்லாம் மெருகு போடுகிற நாங்கள் எங்கள் தாலியை மட்டும் துலக்க மாட்டோம், தாலி தேய்ந்தால் கட்டினவன் ஆயுசு தேயும் என்பார்கள். அதனால் வெள்ளிக்கு வெள்ளி மஞ்சளும் குங்குமமும் அதன் மேல் ஏறி, பத்து வருஷத்தில் எங்கள் தாலியெல்லாம் தாலியின் உருவமே தெரியாத காரைக்கட்டியாக ஆகிவிடும்.

பங்குனிக்குள் ஊர் முழுக்க ரேகை எழும்பிவிட்டது. எவள் வீட்டில் ரேகை வளையல் இருக்கிறது, எவளுக்கு ஆரத்திலும் வந்திருக்கிறது என்பதுதான் தண்ணீர்க் குழாயில் பேச்சு, பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணைப் பார்க்கிறதுக்கு முன்னால் நகையைத் திருப்பிப் பார்த்தார்கள். அம்மன் கோவில் ஒட்டியாணத்திலும் வந்துவிட்டது, மனுஷி ரேகையை அம்மன் இடுப்பில் வைக்கலாமா என்று இரண்டு நாள் கூட்டம் போட்டுப் பேசி, கடைசியில் சந்தனக்காப்புச் சாத்தி மறைத்தார்கள். ஒரு திருட்டு வழக்கில் திருடன் போட்டுவிட்டு ஓடிய சங்கிலியில் அக்காவின் ரேகை இருந்ததால், போலீஸ் வந்து அவளை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பியது. நகரத்துப் பெரிய நகைக்கடை ஒன்று அவள் செய்த பழைய நகையெல்லாம் தேடிப் பிடித்து வாங்கிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, கைரேகை பதிந்த நவீன நகை என்று பஸ் ஸ்டாண்டில் படம் ஒட்டியது. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். அக்கா உயிரோடு இருக்கும்போதே அவளை அங்கமங்கமாகப் பிரித்து மாட்டிக்கொண்டோம்.

அக்காவுக்கு இதில் பெருமையும் இல்லை, கோபமும் இல்லை. அவளுக்கு ஒரே கவலை, அது சென்னியப்பண்ணன்.

அண்ணனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. செவ்வாயும் வெள்ளியும் காலை ஆறரைக்கு ஆஸ்பத்திரியில் இரத்தத்தைச் சுத்தம் செய்யவேண்டும், ஒரு தடவை தவறினால் உடம்பு வீங்கும், இரண்டு தடவை தவறினால் பிழைக்க மாட்டார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைக் காப்பீட்டு அட்டையில் செய்தார்கள், அட்டை குடும்பத் தலைவி பேரில், ஒவ்வொரு தடவையும் குடும்பத் தலைவி விரல் வைத்துப் பச்சை எரிந்தால்தான் உள்ளே விடுவார்கள். கண்ணைப் படம் பிடிக்கிற மிஷின் ரிப்பேருக்குப் போய் இரண்டு வருஷம் ஆச்சு. போனுக்கு நம்பர் வரும் என்றார்கள், அது எப்போதோ தொலைந்துபோன போனுக்கு வந்துகொண்டிருந்தது. அக்கா எலுமிச்சம்பழம் தேய்த்தும் தேங்காய் எண்ணெய் தடவியும் முப்பது நாற்பது தடவை அழுத்தி அழுத்தி எப்படியோ ஒரு பச்சையை வாங்கிவந்தாள், சுலோச்சனாவின் வளையலில் ரேகை தெரிந்த நாளிலிருந்து அதுவும் நின்றுபோனது.

முதல் வாரம் சுலோச்சனாவே வளையலோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். மிஷினில் வளையலை வைத்தாள், எரிந்தது பச்சை. ஊரே கொண்டாடியது. எங்கள் தெருப் பெண்கள் முறை போட்டுக்கொண்டார்கள், இந்தச் செவ்வாய் உன் வளையல், அந்த வெள்ளி என் ஆரம் என்று, ஆஸ்பத்திரிக்குப் போகிறதுக்குப் பட்டுச்சேலைகூடக் கட்டிக்கொண்டார்கள். அப்போது ஒரு விஷயம் தெரிந்தது. அக்கா சின்ன வயசில் செய்த நகை என்றால் ஒரே தொடலில் பச்சை எரியும், வயசாக வயசாகச் செய்தது என்றால் ஏழெட்டுத் தடவை வைக்கவேண்டும், கடைசிப் பத்து வருஷத்து நகைக்குச் சிவப்புத்தான். விரலில் இருந்த வரைக்கும்தானே போய் ஒட்டியிருக்கும்.

அது தெரிந்ததும் அக்கா வீட்டில் உட்கார்ந்து புதிதாக ஒரு செம்பு மோதிரம் செய்து பார்த்தாள், பிறகு ஒரு வெள்ளி மெட்டி, உலையில் கையைச் சுட்டுக்கொண்டு அழுத்தி அழுத்திச் செய்தாள், இரண்டும் பிறந்த குழந்தையின் உள்ளங்காலாக வழவழவென்று வந்தன. அவளிடம் இனிக் கொடுக்க ஒன்றும் இல்லை.

"எனக்கு ரத்தத்தச் சுத்தம் பண்ண மெசினு இருக்குது, அந்த மெசினத் தொறக்க உன்ற வெரலு இருக்குது, வெரலு மட்டும் ஊராரு கழுத்துல கெடக்குது, நல்ல பொழப்புடி," என்று அண்ணன் சிரித்தார். அவர் சிரிக்கச் சிரிக்க அவள் அழுதாள்.

மூன்று மாசம் முறை ஓடியது. விருந்தும் மருந்தும் மூன்று நாளைக்குத்தான், நாங்கள் மூன்று மாசம் தாங்கினோமே என்று சொல்லிக்கொள்ளலாம். பிறகு ஒருத்திக்குக் குழந்தைக்குக் காய்ச்சல், ஒருத்தியின் வளையல் லாக்கருக்குப் போய்விட்டது, ஒருத்தியின் ஆரம் அடகுக்குப் போய்விட்டது, ஒருத்தியின் மாமியார், நோயாளிக்குக் கொடுத்து வாங்கின நகையைப் போட்டால் அந்தச் சீக்கு இங்கே வரும் என்று சொல்லிவிட்டாள். வாரத்துக்கு இரண்டு நாள் விடியக் கருக்கலில் அக்கா வீடு வீடாகப் போய் வாசலில் நின்றாள். கூப்பிடக்கூட மாட்டாள், நிற்பாள். கோலம் போட வந்தவர்கள் அவளைக் கண்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு நாள் எனக்கு ஒரு யோசனை வந்தது. "ஏனுங்க்கா, உங்க தாலி ஆரு செஞ்சதுங்? நீங்க பொறந்தது தொழில் பண்ற ஊடுதானே, எங்காச்சு உங்க கை பட்டிருக்காதா?" என்று கேட்டேன்.

அக்கா சட்டென்று தாலியை ரவிக்கைக்குள் தள்ளிவிட்டுக்கொண்டாள். "நல்லாக் கேட்ட போ. தன்னூட்டுத் தாலியத் தன் பட்டறைல செய்வாங்களா மயிலு? ஆகாதுன்னுட்டு எங்கப்பா பவுன நிறுத்து அவினாசி ஆசாரிகிட்டக் குடுத்து, அவருதான் செஞ்சு கொண்டாந்தாரு. எங்கை அதுல எப்படிப் படும்?" என்றாள். பிறகு, "அப்படியே இருந்தாலும் அதத் தொடச்சுப் பாக்க முடியுமா? அவரு கெடக்கற கெடையில?" என்றாள். சரிதானே என்று நானும் விட்டுவிட்டேன், நானும் நகைத் தொழில் வீட்டு வளர்ப்புத்தானே. அவள் அந்த வாரத்து வெள்ளிக்கிழமையிலிருந்து அண்ணனுக்காக இரண்டு வேளை குங்குமம் வைக்கத் தொடங்கினாள்.

ஆனி மாசத்தில் மாவட்ட நகைக் கலைஞர் பேரவைத் தலைவர் மோகனசுந்தரம் ஆப்பிள் பையோடு அக்கா வீட்டுக்கு வந்தார். கூட ஒரு போட்டோக்காரர். நான் அப்போது அங்கேதான் இருந்தேன், அண்ணனுக்குக் கால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன்.

"அம்மா, நகைக் கலைல உங்க சேவையப் பாராட்டி வாழ்நாள் சாதனையாளர் விருது குடுக்கறதுன்னு பேரவைல ஏகமனதா முடிவு பண்ணிருக்கறமுங்க," என்றார் தலைவர்.

"எனக்கு எதுக்குங்க அதெல்லாம்?"

"அப்படிச் சொல்லப்படாதுங்க. இன்னைக்கு நகைன்னாலே உங்க ரேகதான். வெளிமாநிலத்துக்காரங்க எல்லாம் கேக்கறாங்க."

அக்கா அண்ணன் படுத்திருந்த பக்கம் கையைக் காட்டினாள். "அப்ப ஒண்ணு கேக்கட்டுங்களா? கேடயம் வேண்டாமுங்க, சால்வ வேண்டாமுங்க. நான் அந்தக் காலத்துல செஞ்சதுல ஏதாச்சு ஒண்ணு எங்கைல குடுத்தீங்கன்னாப் போதும். மூக்குத்தியா இருந்தாலுஞ் சரி. இவரு வாரத்துக்கு ரெண்டு நாளு இன்னொருத்தரு வளையலுக்குக் காத்துக் கெடக்கறாருங்க. அது எங்கூட்லயே இருந்துச்சுன்னா ஆரு வாசப்படியிலயும் நிக்க வேண்டாமுங்க."

தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. பொய் சொல்லக்கூடாது, உண்மையாகவே கலங்கியது. "மூக்குத்தி என்னங்கம்மா, ஆரமே குடுத்தர்லாம்," என்றார். போட்டோக்காரர் அண்ணனைக் கொஞ்சம் தள்ளிப் படுக்கச் சொல்லிவிட்டு, ஆப்பிளும் தலைவரும் அக்காவும் தெரிகிறபடி படம் எடுத்துக்கொண்டு போனார்.

விழா ஒரு வியாழக்கிழமை. அதற்கு முந்தின செவ்வாய் பெரிய முகூர்த்த நாள், ஊரில் ஒன்பது கல்யாணம், ரேகை நகை வைத்திருந்தவர்கள் அத்தனை பேரும் அதை மாட்டிக்கொண்டு மண்டபம் மண்டபமாகப் போய்விட்டார்கள், அக்கா பதினோரு வீட்டு வாசலில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள். அண்ணனுக்கு அந்தத் தடவை தவறியது. முகமும் காலும் ஊதிவிட்டன. "ரெண்டு நாளு பொறுத்துக்குங்க, வெயாழக்கெழம நம்மளுக்குன்னு ஒண்ணு வந்துரும், வெள்ளிக்கெழம மொத ஆளாப் போயி நிக்கலாம்," என்று அவர் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள். அவருக்கு மூச்சு வாங்கியது. தலையை ஆட்டினார்.

வியாழன் சாயங்காலம் கல்யாண மண்டபம் நிரம்பி வழிந்தது. வாழ்நாள் சாதனையாளர் செய்ததை அவர் கண் முன்னாலேயே போட்டு வந்து மரியாதை செய்யவேண்டும் என்று பேரவை அழைப்பிதழில் அச்சடித்திருந்தது, ஆகவே லாக்கரில் இருந்தது, அடகில் இருந்தது, மாமியார் பூட்டிவைத்தது எல்லாம் அன்றைக்கு வெளியே வந்துவிட்டது. முந்நூறு பெண்கள் இருப்பார்கள். முந்நூறு பேர் கழுத்திலும் கையிலும் காதிலும் அக்காவின் கட்டைவிரல் குழல் விளக்கு வெளிச்சத்தில் பளபளத்தது. மேடையில் மஞ்சள் கயிறும் கைத்தறிச் சேலையுமாக உட்கார்ந்திருந்த அவள் ஒருத்தியிடம்தான் அது இல்லை.

பேசினார்கள், பேசினார்கள், அப்படிப் பேசினார்கள். சிறப்பு விருந்தினர் வர நேரமானதால் பேசினவர்களே இன்னொரு தடவை பேசினார்கள். பிறகு பொன்னாடை போர்த்தினார்கள், அவள் முகம் பதித்த கேடயம் கொடுத்தார்கள், அதற்கப்புறம் தலைவர் ஒரு வெல்வெட் பெட்டியைத் திறந்து ஒரு ஆரத்தைத் தூக்கிக் காட்டினார். அக்காவுக்கு அது தெரிந்தது, இருபத்திரண்டு வயசில் செய்தது, அவள் எழுந்து இரண்டு கையையும் நீட்டிவிட்டாள். நீட்டின கைக்கு மேலே தலைவர் மைக்கில் சொன்னார், அம்மாவின் கைவண்ணத்தில் உருவான இந்த ஆரத்தைப் பேரவையே வாங்கியிருக்கிறது, இது ஒரு வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கக்கூடாது, அம்மாவுக்குச் செய்கிற நிரந்தர மரியாதையாகப் பேரவை அலுவலகத்தில் கண்ணாடிப் பேழைக்குள் என்றென்றைக்கும் இருக்கும். அப்போது விழுந்த கைதட்டலில் பந்தல் துணி ஆடியது.

அவளைப் பேசச் சொன்னார்கள். மைக்கைப் பிடிக்கத் தெரியவில்லை, நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள், கொஞ்சம் கொஞ்சம்தான் கேட்டது. "நாளைக்குக் காத்தால ஆறரைக்கு எங்கூட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரிங்க. செவ்வாய்க்கெழம தவறிப்போச்சுங்க. உங்க எல்லார்த்துகிட்டயும் இருக்குதுங்க. ஆராச்சு ஒருத்தரு, ஒரு மணி நேரத்துக்கு வந்தீங்கன்னாப் போதுமுங்க. நான் உங்க காலக் கழுவி..."

"அம்மா உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க," என்று தொகுப்பாளினி மைக்கை மெதுவாக வாங்கிக்கொண்டாள். "இந்தத் தாயுள்ளத்துக்கு எல்லாரும் எழுந்து நின்னு பலத்த கைதட்டல் குடுக்கலாமா?"

எழுந்து நின்று தட்டினோம். வளையலும் வளையலும் மோதி மண்டபமே கணகணவென்றது. ஒருத்தி மனசும் கெட்ட மனசில்லை, எல்லாருக்கும் அழுகை வந்தது, ஒவ்வொருத்தியும் முந்நூறு பேரில் ஒருத்தியாவது போவாள் என்று நினைத்தாள். என் கையிலும் ஒரு வளையல் இருந்தது, மகளுக்கு என்று எட்டு வருஷம் சீட்டுப் போட்டு எடுத்தது, அக்காவின் முப்பது வயசு ரேகை அதில் இருந்தது, இரண்டு தடவையில் பச்சை எரியும். மறுநாள் பட்டறையில் அவசர பாலீஷ் இருந்தது, லீவு கேட்டால் முதலாளி முகம் கொடுக்க மாட்டார். சுலோச்சனா போவாள் என்று நான் நினைத்தேன். சுலோச்சனா நான் போவேன் என்று நினைத்திருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை யாரும் போகவில்லை.

ஆறரை மணிக்கு அண்ணனைத் தள்ளுநாற்காலியில் உட்காரவைத்துக்கொண்டு அக்கா ஆஸ்பத்திரி பெஞ்சில் காத்திருந்தாள். எட்டு மணிக்குக் கேடயத்தை எடுத்து மிஷினில் வைத்துப் பார்த்திருக்கிறாள். சிவப்பு. பொன்னாடையின் ஜரிகையை வைத்துப் பார்த்திருக்கிறாள். சிவப்பு. தன் விரல் பத்தையும் வரிசையாக வைத்து, சிவந்து கன்றுகிற வரைக்கும் அழுத்தியிருக்கிறாள். "நான் என்னங்கம்மா பண்றது, சிஸ்டம் எடுக்க மாட்டேங்குது," என்று அங்கே இருந்த பெண் அழுதேவிட்டாளாம். மத்தியானம் ஒரு மணிக்கு அடுத்த நோயாளியைப் படுக்கவைத்துவிட்டார்கள். வீட்டுக்கு வரும் வழியில் அண்ணன், "நல்லாத்தான் கை தட்டுனாங்க, இல்ல?" என்று கேட்டிருக்கிறார். அதுதான் அவர் கடைசியாகத் தெளிவாகப் பேசினது. சனிக்கிழமை சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு உயிர் போய்விட்டது.

ஊர் முழுக்கத் துக்கத்துக்கு வந்தது. பேரவைத் தலைவர் ஆளுயர மாலையோடு வந்தார். எழவு வீட்டுக்கு நகை போட்டுப் போகக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம், அதனால் முந்நூறு பெண்களும் வளையலையும் ஆரத்தையும் வீட்டில் கழற்றிவைத்துவிட்டு மூளிக் கழுத்தும் மூளிக் கையுமாக வந்து உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். அக்கா அழவில்லை. ஒவ்வொருத்தி கையாகப் பார்த்தாள். என் கையையும் பார்த்தாள். எனக்கு அன்றைக்கே நாண்டுகொண்டு செத்துவிடலாம் என்று இருந்தது.

பத்தாம் நாள் தாலி வாங்கினார்கள். அண்ணனின் தங்கை பாப்பாத்தி, அவளும் தாலி இழந்தவள், அவள்தான் கயிற்றை அறுத்து எடுத்துப் பால் சொம்பில் போட்டாள். காலம் காலமாகச் செய்கிறதுதான், தாலியைப் பாலில் போட்டு வைத்துச் சடங்கெல்லாம் முடிந்ததும் எடுப்பார்கள். நாற்பத்தொன்பது வருஷத்து மஞ்சளும் குங்குமமும் அந்தப் பாலில் ஊறிக் கரைந்து இறங்கியது, பால் முதலில் மஞ்சளாகி அப்புறம் இரத்தச் சிவப்பாக ஆனது. சடங்கு முடிந்து பாப்பாத்தி கையைவிட்டுத் தாலியை எடுத்தாள். முன்பக்கம் பார்த்தாள், பின்பக்கம் திருப்பினாள், அதை அக்காவிடம் நீட்டினாள்.

பின்பக்கம் முழுக்க ரேகை. இவ்வளவு தெளிவான ரேகையை நாங்கள் எந்த நகையிலும் பார்த்ததில்லை, ஒவ்வொரு கோடும் எண்ணிக்கொள்ளலாம், பதினெட்டு வயசு விரல்.

அக்கா அதை வாங்கிப் பார்த்தாள். "பன்னெண்டுல ஒண்ணு," என்றாள். யாருக்கும் புரியவில்லை, எனக்குத்தான் புரிந்தது. அந்த ஆவணியில் அவினாசி ஆசாரிக்கு வேலை தாங்கவில்லை. அவருக்கு வந்த தாலிகளைத் துணியில் முடிந்து, பேர் சொல்லாமல் அக்காவின் தகப்பனார் பட்டறைக்கே அனுப்பியிருக்கிறார், அவற்றில் இவர்கள் கொடுத்த பவுனும் இருந்திருக்கிறது. கண்வலிக்காரர் ஊதினார், மகள் தன் தாலியைத் தானே ராவி முடித்தாள். ஆகாது என்று பக்கத்துப் பட்டறைக்குக் கொடுத்தது ஆகாத இடத்துக்கே திரும்பி வந்திருக்கிறது. அத்தனை வாசற்படியிலும் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டுதான் அவள் நின்றாள், அவர் ஆயுசுக்காகத்தான் அதன் மேல் இரண்டு வேளையும் குங்குமம் வைத்து மூடினாள். அதைத் துடைத்துப் பார்க்க அவர் சாகவேண்டியிருந்தது. நான் கேட்டபோது ஒரே ஒரு தடவை துடைத்திருந்தால், நான் பிடுங்கித் துடைத்திருந்தால் என்று இன்றைக்கும் எனக்குத் தூக்கம் பிடிக்கிறதில்லை.

பதினோராம் நாள் செவ்வாய்க்கிழமை. காலையில் அக்கா குளித்து, வெறும் கழுத்தோடு, தாலியைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு கிளம்பினாள். எங்கே என்று நான் கேட்கவில்லை, பட்டறைக்குப் போகாமல் கூடவே நடந்தேன், லீவு சொல்லக்கூட இல்லை. ஆறரைக்கு ஆஸ்பத்திரிக் கவுன்ட்டர் திறந்தது. முன்னால் இருந்த பெண் மாறிப்போயிருந்தாள், இது புதுசு, காதில் போனை இடுக்கிக்கொண்டு கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்தாள். அக்கா அட்டையைக் கொடுத்தாள். முடிச்சை அவிழ்த்துத் தாலியை எடுத்து மிஷின் கண்ணாடியில் வைத்தாள், அழுத்தக்கூட இல்லை, சும்மா வைத்தாள்.

பச்சை எரிந்தது.

"வந்துருச்சுங்கம்மா," என்றாள் அந்தப் பெண், தலையைத் தூக்காமல். "பேஷன்ட்டக் கூட்டிட்டு வாங்க."